இறவைக் கிணறும் இலவச சக்தியும்

தற்காலத்தில் கிராமங்களில் நாலு குடியானவர்கள் கூடுமிடத்தில், மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் நடந்துவந்த பேச்சுடன் வேறொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. கிணற்று மோட்டாரைச் சூரிய சக்திக்கு மாற்றுவது நலமா, மின்சாரத்திலேயே ஓட்டுவது நலமா, வீட்டிலிருந்தபடியே கைபேசியினால் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டியை வாங்கலாமா, வேண்டாமா என்பதே அது. இவற்றைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் இல்லை. ஒருவர் தம் மைத்துனர் தோட்டத்தில் கண்டதைக் கொண்டு சொல்லுகிறார். மற்றொருவர் கைபேசியில் பார்த்த படக்காட்சியைக் கொண்டு சொல்லுகிறார். வேறொருவர் மானியம் எவ்வளவு என்பதைக் கேட்டமாத்திரத்தில் முடிவு செய்துவிடுகிறார். ஆனால் அவரவர் கிணற்றில் கோடைகாலத்து நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, ஒரு மணி நேரம் இறைத்தால் எவ்வளவு தாழ்கிறது, தாழ்ந்தது மறுபடி ஊறுவதற்கு எத்தனை நாழிகை ஆகிறது என்று கேட்டால், திட்டமாக விடை சொல்லக்கூடியவர் வெகு சிலரே. சக்தியைப் பற்றிய தர்க்கம் நீரைப் பற்றிய கணக்குக்குப் பின் வரவேண்டியது. இப்பொழுது அது முன்னால் வந்து நிற்கிறது.

இறவைப் பாசனத்தின் பழைய முறைகளைச் சற்று நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். ஏற்றமும் கவலையும் இருந்த காலத்தில் கிணற்றுக்குக் காவலாக இருந்தவை மாடுகளும் மனிதருடைய தோள்களுமே. ஜோடி மாடு களைத்துப்போனால் சால் நின்றுவிடும்; அதற்குள் கிணறும் ஊறிக்கொள்ளும். நீர்மட்டம் ஆழத்துக்குப் போகப் போக வடம் நீளும், மாட்டுக்குப் பாரம் ஏறும், ஒரு நாளில் பாயும் நிலம் சுருங்கும். ஆகவே ஆழத்தின் செலவை அன்றாடம் உணராத குடியானவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் எண்ணெய் எஞ்சின்களைக் கிணறுகளில் பொருத்திப் பரிசோதித்து, அவற்றைப் பரப்புவதற்கு முயற்சி எடுத்துக்கொண்டார். எஞ்சின் வந்தபின் மாட்டின் களைப்பு போயிற்று. ஆனால் எண்ணெய்ச் செலவு வந்தது. ஆழத்தை மாடு அறிவித்த இடத்தில் மடிப்பணம் அறிவித்தது, அவ்வளவே.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியதும் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களுக்கும், பின்னர்த் தோட்டங்களுக்கும் மின்சாரம் கிடைத்தது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் அதனுடன் சேர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பிகள் ஊர்தோறும் வந்தன. அதுவரையிலும் யூனிட்டுக்கு ஒரு விலை இருந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அன்று முதல் ஆழத்தை அறிவிக்கிறவர் ஒருவரும் இல்லை. 30 அடியில் இருந்து இறைத்தாலும் 300 அடியில் இருந்து இறைத்தாலும் பட்டாதாரருடைய பெட்டியில் இருந்து போகிற பணம் ஒன்றே, அதாவது, ஒன்றுமில்லை.

இலவச மின்சாரம் கூடாதென்பது இங்கே கூறவரும் கருத்தன்று. நெல்லுக்கும் கரும்புக்கும் கிடைக்கும் விலையையும், கூலி ஏறியிருக்கும் அளவையும் அறிந்தவர் எவரும் அச்சலுகையை எளிதில் குறை கூறமாட்டார். அது வந்தபோது மாட்டுக்கும் மடிப்பணத்துக்கும் இருந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் குடியானவரே. கணக்கு வைத்து அவர் செய்யவேண்டிய காவலை, இலவசம் என்ற காரணத்தால் பலர் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அதன் பலனை, தந்தை வெட்டிய கிணற்றின் அடியில் மகன் போர் போட்டு, அதிலும் நீர் கிடைக்காமல் பக்கத்துக் காட்டில் இன்னொரு போர் போட்டு, கடைசியில் அந்தக் கடனுக்கு நிலத்தை விற்ற குடும்பங்கள் கொங்கு நாட்டிலும் தர்மபுரி, சேலம் பக்கங்களிலும் நன்கு அறியும்.

கணக்கு என்றால் பயப்பட வேண்டியதில்லை. இதற்கு வேண்டியவை ஒரு கயிறு, ஒரு பீப்பாய், ஒரு பென்சில். ஓர் ஏக்கர் நிலத்துக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட வேண்டுமானால் சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. 20 அடி குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் சற்றேறக்குறைய 8,900 லிட்டர். அப்படியானால் ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் விடுவதற்குள் அக்கிணற்றில் 22 அடிக்கு மேற்பட்ட நீர் காலியாகிறது. நிற்கிற தண்ணீர் 10 அடிதான் என்றால், மீதம் ஊற்றிலிருந்தே வரவேண்டும். ஊற்று மெதுவாக இருந்தால் 3 குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துவிட்டு 7½ குதிரைச் சக்தி வைப்பதால் ஒரு சொட்டும் அதிகமாகக் கிடைக்கப்போவதில்லை. கிணறு சீக்கிரம் வற்றும், மோட்டார் காற்றை இழுக்கும், அவ்வளவே லாபம்.

இனி ஆழத்தின் செலவு. ஒரு யூனிட் மின்சாரம், நஷ்டமே இல்லாத யந்திரத்தில், 3,67,000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரம் தூக்கும். நம் தோட்டங்களில் ஓடும் பம்புகளில் மோட்டார், பம்பு, குழாய் எல்லாவற்றிலும் ஆகும் நஷ்டம் போக நூற்றுக்கு 40 பங்கு வேலை நடந்தால் அதை நல்லதென்றே கொள்ளலாம். இந்தக் கணக்குப்படி 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஓர் ஏக்கருக்கு மேற்சொன்ன ஒரு தண்ணீர் விட ஏறக்குறைய 14 யூனிட் செலவாகும். 30 மீட்டர் ஆழமானால் 41 யூனிட். 100 மீட்டர் ஆழத்துப் போரானால் 138 யூனிட். 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு முதலாவது 3 மணி நேர வேலை. கடைசியாகச் சொன்னது 30 மணி நேர வேலை. பயிர் ஒன்றே, நிலம் ஒன்றே, தண்ணீரின் அளவும் ஒன்றே. இலவசமாக வந்ததனால் இந்தப் பத்து மடங்கு கண்ணுக்குத் தெரியவில்லை.

நூற்றுக்கு 40 பங்கு என்றதும் பல தோட்டங்களில் கிடைப்பதில்லை. தண்ணீர் கொட்டுவதைத் தூரத்திலிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையினாலோ, பக்கத்துத் தோட்டத்தாரைப் பார்த்தோ, வெளிக்குழாயைத் தொட்டிக்கு மேல் மூன்று நான்கு அடி தூக்கி வைத்திருக்கிறார்கள். 10 மீட்டர்க் கிணற்றில் ஒரு மீட்டர் வீணாகத் தூக்குவது பத்தில் ஒரு பங்கு சக்தியைத் தொட்டியில் கொட்டுவதாகும். 2½ அங்குலக் குழாய்க்குப் பதிலாக 3 அங்குலக் குழாய் போட்டால் அதே அளவு நீர் போவதற்குக் குழாயினுள் ஏற்படும் உராய்வு ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். புட் வால்வின் கண்கள் பாசியால் அடைபட்டிருப்பதை வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறவர்கள் குறைவு. மேலே நின்று உறிஞ்சும் பம்பு 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது; நீர்மட்டம் தாழும்போது பம்பையும் மேடை கட்டிக் கீழே இறக்க வேண்டும். இவையெல்லாம் மானியம் வேண்டாத காரியங்கள். அதனாலேயே இவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை போலும்.

கைபேசிப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டியது சிறிது உண்டு. இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது பாம்பும் தேளும் உலவும் வரப்பில் நடந்துபோய் மோட்டார் போடவேண்டிய அவதியை அது நீக்குகிறது. கிணறு வற்றினாலும், மூன்று முனைகளில் ஒன்று தவறினாலும் தானே நிறுத்திவிடும் பெட்டிகளும் இருக்கின்றன. இவ்வளவில் அது நல்ல சாதனம். வயது சென்ற பட்டாதாரர்களுக்கும், தனியே தோட்டம் பார்க்கிற ஸ்திரீகளுக்கும் அது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலேயே, மின்சாரம் வந்தவுடன் ஒருவரையும் கேளாமல் மோட்டார் ஓடத் தொடங்கும்படி வைக்கும் வசதியும் இருக்கிறது. ஆட்டோ ஸ்விட்ச் என்று வழங்கும் பழைய சாதனமும் இதே வேலையைத்தான் செய்தது. கிராமம் முழுவதும் இதைப் போட்டு வைத்தால், மின்சாரம் வந்த அந்த நிமிஷத்திலேயே டிரான்ஸ்பார்மரில் உள்ள அத்தனை மோட்டார்களும் ஒன்றாகப் புறப்படுகின்றன. மின்னழுத்தம் சரிகிறது; சரிந்த அழுத்தத்தில் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கிறது; காயில் சூடேறி எரிகிறது. காயில் கட்டும் கடைக்காரருக்கு லாபம். அதைவிடக் கேடு, வாய்க்கால் உடைந்து ரோட்டில் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, மோட்டாருக்கு உடையவர் வீட்டில் நித்திரை செய்வதாகும். ஆதலால் பெட்டியை வாங்குகிறவர்கள் கையினால் போட்டு நிறுத்தும் முறையிலும், இத்தனை மணி நேரம் என்று அளவு வைத்து ஓட்டும் முறையிலும் மட்டும் அதை உபயோகித்தல் நலம். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குக் காலத்தில் பணம் கட்டாவிட்டால் அது வெறும் பெட்டியே என்பதையும் வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும்.

சூரிய சக்திப் பம்புக்கு வருவோம். 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தில், மின் கம்பி இல்லாமல் தனித்து ஓடும் பம்புகளுக்கு மத்திய சர்க்கார் நூற்றுக்கு 30 பங்கும், மாநில சர்க்கார் குறைந்தது 30 பங்கும் கொடுப்பதென்றும், மீதம் குடியானவருடையது என்றும் பொதுவாக ஏற்பட்டது. இந்த மாநிலத்தில் இதை நடத்துகிறது வேளாண்மைப் பொறியியல் இலாகா. இது நல்ல திட்டம். ஆனால் எல்லாக் கிணற்றுக்கும் நல்லதன்று.

5 குதிரைச் சக்திப் பம்புக்கு ஏறத்தாழ 4,800 வாட் தகடுகள் வைக்கப்படுகின்றன. நல்ல வெயில் நாளில் இவற்றிலிருந்து 20 யூனிட் அளவுக்குச் சக்தி கிடைக்கும் என்று கொள்ளலாம். 10 மீட்டர்க் கிணற்றில் ஓர் ஏக்கருக்கு 14 யூனிட்தானே; ஒரு பகல் போதும், மிச்சமும் இருக்கும். 100 மீட்டர்ப் போரில் அதே ஏக்கருக்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் முதலில் பாய்ந்த பாத்தி காய்ந்துவிடும். ஆகவே ஆற்றோரத்திலும், ஏரியின் ஆயக்கட்டிலும், நீர்மட்டம் மேலே நிற்கும் கிணறுகளிலும், மின்சார இணைப்புக்காகப் பல வருஷங்களாகக் காத்திருப்பவர்களுக்கும், டீசல் எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கும் இது தகுந்த யந்திரம். டீசல் எஞ்சினோடு ஒப்பிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. நன்றாக ஓடும் எஞ்சினிலும் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் வேலையே கிடைக்கிறது. இலவச மின்சார இணைப்பு ஏற்கெனவே உள்ளவர், ஆழமான போரை வைத்துக்கொண்டு, மானியம் வருகிறதே என்ற ஒரே காரணத்துக்காகத் தம் பங்குப் பணத்தைப் போட்டு மாறுவது யோசனைக்குரிய காரியம்.

வாங்குகிறவர்கள் இடம் பார்ப்பதில் கவனம் செலுத்த வேண்டும். தென்னந்தோப்பின் ஓரத்தில் நிழல் சாயுமிடத்தில் தகடுகளை நிறுத்தக்கூடாது. தகடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு தகட்டின்மேல் விழும் ஓலை நிழல் மற்றவற்றின் விளைவையும் குறைக்கும். முகம் தெற்கு நோக்கியும், சரிவு அதிகமில்லாமலும் இருக்க வேண்டும். ரோட்டுப் புழுதி படிந்தால் விளைவு குன்றும். காலையில் தகடு குளிர்ந்திருக்கும்போது நல்ல தண்ணீரால் துணி கொண்டு துடைப்பது போதும். வெயில் அதிகமானால் விளைவும் அதிகமாகும் என்று நினைப்பது முழு உண்மையன்று. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் தகட்டின் சூடு ஒரு டிகிரி ஏறினால் நூற்றுக்கு அரைக்குச் சற்றுக் குறைவான பங்கு விளைவு குறைகிறது. கத்திரி வெயிலில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு.

இதைவிட முக்கியமானது மற்றொன்று. சூரியனுக்கும் விலையில்லை. விலையில்லாத மின்சாரம் செய்ததையே விலையில்லாத வெயிலும் செய்யக்கூடும். பகல் முழுவதும், வருஷம் முழுவதும், மின்வெட்டு என்ற இடையூறுகூட இல்லாமல் செய்யக்கூடும். இதை அறிந்தே, நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதிகளில் ஏற்கெனவே ஓடும் டீசல் எஞ்சினை மாற்றுவதற்கு மட்டும், அதுவும் சொட்டுநீர் முதலிய நுண்ணீர்ப் பாசனம் வைத்துக்கொள்வோருக்கு மட்டும், குசும் திட்ட விதிகள் இடங்கொடுக்கின்றன. இந்த விதியைக் கேட்டுச் சிலர் கோபிக்கிறார்கள். கோபம் நியாயமன்று. பட்டா அவருடையதாயினும் நிலத்தின் அடியில் இருக்கும் தண்ணீர் பக்கத்துப் பட்டாதாரருடைய கிணற்றோடு ஒன்றாக ஓடுகிறது. சொட்டுநீர்ச் சாதனங்களுக்கு இந்த மாநிலத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு நூற்றுக்கு 75 பங்கும் கிடைத்துவருகையில், அந்த நிபந்தனை பெரிய பாரமும் அன்று.

குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த டூண்டி என்ற கிராமத்தில் 2016-இல் நடந்த முயற்சி இங்கே நினைக்கத்தக்கது. சர்வதேச நீர் மேலாண்மை நிலையத்தின் உதவியுடன் அவ்வூர்க் குடியானவர்கள் 6 பேர் சூரிய சக்திப் பம்புகளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாசனத்துக்கு வேண்டாத சக்தியை மின்சாரக் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு மணி நேர இறவைக்கும் ஒரு விலை வந்துவிட்டது. தேவையின்றி இறைத்தால் விற்பனைப் பணம் குறையும். பஞ்சாபிலும் 2018-இல், ஒதுக்கிய அளவுக்குக் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் குடியானவர்களுக்கு மிச்சமான யூனிட்டுக்கு ரூ. 4 கொடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. மின் இணைப்புள்ள பம்புகளுக்குச் சூரிய தகடு வைத்து மிச்ச சக்தியைக் கம்பிக்கு விற்கும் பிரிவு குசும் திட்டத்திலும் இருக்கிறது. குடியானவரிடமிருந்து ஒரு காசும் வாங்காமல், அவருக்குக் காசு கொடுத்துத் தண்ணீரைக் காக்கும் வழி இதுவே. பழைய கவலை மாடு செய்த வேலையை இது செய்யும். இம்மாநிலத்துப் பட்டாதாரர்கள் கேட்க வேண்டியது, இன்னும் பெரிய குதிரைச் சக்திக்கு மானியம் என்பதைவிட, இவ்விதமான ஏற்பாட்டையே எனலாம்.

கைபேசியிலும் இன்டர்நெட்டிலும் வரும் படக்காட்சிகளை நம்பிச் செலவு செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் யானைத் தும்பிக்கை போல விழுவதைக் காட்டுவார்கள். கிணறு எவ்வளவு ஆழம் என்று காட்டமாட்டார்கள். ஆழம் தெரியாத தண்ணீரின் பருமனுக்குப் பொருளில்லை. இதைவிட அபாயமானவை, குசும் திட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு பதிவுக் கட்டணம் என்று பணம் வாங்கும் பொய் வலைத்தளங்கள். இவற்றைப் பற்றி மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலாகா பலமுறை எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. உதவிச் செயற்பொறியாளர் ஆபீசில் நேரில் விசாரிக்காமல் எவருக்கும் பணம் அனுப்புதல் கூடாது. கைபேசியே வேண்டாம் என்பதும் இல்லை. 2018-இல் வெளிவந்த உழவன் செயலியில் மானியங்களையும் சந்தை விலையையும் பார்க்கலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்டறியலாம், கட்டணமில்லை. ஆனால் கிணற்றுக்காரருக்குக் கைபேசியில் மிகவும் உபயோகமான பாகம் எதுவென்றால், அதிலுள்ள விநாடிக் கடிகாரமே. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயின் கீழ் வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். 20 விநாடியானால் மணிக்கு 36,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் விட 5½ மணி. இந்தச் சோதனையைத் தை மாதத்தில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் செய்து, இரண்டு எண்களையும் மோட்டார்க் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவைக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியது அதிகம். நிலத்தடி நீரின் நிலை தமிழ்நாட்டில் பிர்க்கா வாரியாகக் கணக்கிடப்பட்டு, பாதுகாப்பானது, சற்றுக் கவலைக்குரியது, கவலைக்குரியது, மிகையாக எடுக்கப்பட்டது என்று வகுக்கப்படுகிறது. தம் கிராமம் எந்த வகுப்பில் இருக்கிறதென்பதைக் கிராம சபையில் ஒருமுறை சொல்லுவதால், சூரிய பம்புக்கு மனுச் செய்து பின்னர்த் திருப்பியனுப்பப்படும் பலருடைய அலைச்சல் மிச்சமாகும். அடங்கலில் பாசன ஆதாரம் கிணறு என்று எழுதுவதோடு நில்லாமல், ஊரில் திசைக்கொன்றாக நான்கு கிணறுகளைத் தேர்ந்து, பங்குனியிலும் மார்கழியிலும் மோட்டார் போடுவதற்குமுன் விடியற்காலையில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதியுடன் பதிந்து வரலாம். கயிற்றின் நுனியில் ஒரு கல்லும், அடிக்கு ஒரு முடிச்சும் இருந்தால் போதும். கிணற்றுக்கு உடையவரையே கயிற்றைப் பிடிக்கச் சொல்லுதல் நலம்.